மழைக்கு அஞ்சாத கமரா

வட்டவளைப் பக்கத்தில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 5,000 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. வைகாசியில் தொடங்கும் தென்மேல் பருவமழை புரட்டாதி வரை ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா மலைகளை விட்டு இலகுவில் விலகுவதில்லை. இந்த மழைக்குள்தான் கொழுந்து பறிக்கப்படுகின்றது. இடுப்பில் படங்கைக் கட்டி, தலையில் றப்பர் சீட்டைப் போட்டு, அட்டை ஏறாமலிருக்கக் காலில் சவர்க்காரத்தைப் பூசிக்கொண்டு பெண்கள் மலையேறுகின்றார்கள். ஆனால் தேயிலைத் தோட்டம் என்றதும் எமது மனதில் வரும் படங்களில் மழையே இல்லை. வெயில் அடிக்கும். சேலை பளிச்சென்றிருக்கும். பறிப்பவர் சிரித்துக்கொண்டிருப்பார். தேயிலைப் பெட்டியிலும் சுற்றுலாப் பிரசுரத்திலும் நாட்காட்டியிலும் இதே படம்தான்.

இதற்கு மிகச் சாதாரணமான ஒரு காரணம் உண்டு. மழை தொடங்கியதும் படம் எடுக்க வந்தவர் கமராவைப் பையில் போட்டு மூடிவிடுவார். நீரும் கமராவும் ஒன்றுக்கொன்று ஆகாதவை. வேறு காரணங்களும் உள்ளன. அவை நீரோடு சம்பந்தப்பட்டவையல்ல. கமரா யாருடைய கையில் இருக்கின்றது என்பதோடு சம்பந்தப்பட்டவை.

நீர் புகாத, கீழே விழுந்தாலும் உடையாத, கைக்கடக்கமான ஒரு வகைக் கமரா உள்ளது. கடலில் சுழியோடுபவர்களும் பனிமலை ஏறுபவர்களும் வாங்கும் பொருள் என்றே இதைக் கடைக்காரர்கள் விற்கின்றார்கள். உல்லாசப் பயணிகளின் பொருளைப் பற்றி எமது பக்கங்களில் எதற்காக எழுத வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். மலையகத்துப் பெண்களுக்கு எதை நிரூபிக்க வேண்டியிருக்கின்றதோ அது பெரும்பாலும் மழையிலேயே நடக்கின்றது என்பதே எனது பதில்.

பொகவந்தலாவையில் ஒரு கல்லறை

உலகப் புகைப்பட வரலாற்றில் முக்கியமான ஒரு பெண் எமது மலையகத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கின்றார் என்பது பலருக்குத் தெரியாது. பாடசாலையில் கோல்புறூக் – கமரன் ஆணைக்குழு பற்றிப் படித்திருப்போம். அந்தக் கமரனின் மனைவிதான் ஜூலியா மார்கரட் கமரன். (பெயர்ப் பொருத்தம் வேடிக்கைதான்.) 1863ஆம் ஆண்டின் இறுதியில், தமது 48ஆவது வயதில், மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த கமராவைக் கொண்டு அவர் படம் எடுக்கத் தொடங்கினார். 1875இல் கணவருடன் இலங்கைக்கு வந்தார். 1879 ஜனவரியில் மலையகத்தில் காலமானார். பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலய வளவில் கணவரும் மனைவியும் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர்.

அவருடைய காலத்தில் கண்ணாடித் தகட்டில் இரசாயனத்தைப் பூசி, அது காய்வதற்குள் படம் எடுத்து, அந்த ஈரத்திலேயே கழுவ வேண்டும். கூடாரம், போத்தல்கள், சுமப்பதற்கு ஆட்கள் என்று பெரிய ஏற்பாடு தேவைப்பட்டது. அதையெல்லாம் ஒரு பெண் செய்தார் என்பது மெச்சத்தக்கதே. ஆயினும் அவர் களுத்துறைப் பக்கத்தில் எடுத்த உழைப்பாளிகளின் படங்களைப் பார்க்கும்போது எனக்கு ஒரு குறை தோன்றும். இங்கிலாந்தில் அவர் எடுத்த கவிஞர்களுக்கும் அறிஞர்களுக்கும் பெயர் உண்டு. இங்கு எடுத்தவர்கள் பெரும்பாலும் பெயரில்லாதவர்களாகவே இருக்கின்றார்கள்.

அதன் பின்னர் ஸ்கோவன், ஸ்கீன், பிளாட்டே போன்ற கம்பனிகள் கொழுந்து பறிக்கும் பெண்களை நிறுத்தி வைத்து எடுத்த படங்கள் தபாலட்டைகளாகவும் அல்பங்களாகவும் விலைப்பட்டன. படம் எடுக்கப்பட்ட பெண் அந்தப் படத்தைப் பார்த்திருப்பாரா என்பது சந்தேகமே. 1823ஐத் தொடக்கமாகக் கொண்டு மலையகத் தமிழரின் இருநூறாவது ஆண்டு 2023இல் நினைவுகூரப்பட்டது. அவ்வாண்டு தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்து சென்றபோது பலருடைய கைகளில் தொலைபேசி இருந்தது. தம்மைத் தாமே படம் எடுத்துக்கொண்டார்கள். இருநூறு வருடங்களில் இது சிறிய மாற்றமல்ல.

வேலைத்தளத்து மேற்பார்வையாளர்

நீர் புகாத கமராவின் கதை கடலில் தொடங்குகின்றது. பிரான்சின் கடல் ஆய்வாளர் ஜாக் கூஸ்தோவுக்காக, ஜான் டி வூட்டர்ஸ் என்ற பெல்ஜியப் பொறியியலாளர் 'கலிப்சோ' என்ற கமராவை வடிவமைத்தார். பெட்டிக்குள் அடைக்காமல் அப்படியே கையில் பிடித்துக்கொண்டு நீருக்குள் இறங்கக்கூடியது அது. நிக்கொன் நிறுவனம் அதனை 1963இல் 'நிக்கொனொஸ்' என்ற பெயரில் வெளியிட்டது.

எமக்கு அதைவிடப் பொருத்தமானது யப்பானில் நடந்த மற்றொரு விடயம். அங்கு வீதி, பாலம், கட்டடம் போன்ற பொது வேலைகளில் ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்து ஆவணமாகக் கொடுக்க வேண்டும். மழை, சேறு, சீமெந்துத் தூசிக்குள் சாதாரண கமரா தாங்காது. ஆகவே கொனிக்கா நிறுவனம் 1988இல் ஒரு தடித்த கமராவை வெளியிட்டது. அதற்கு அவர்கள் வைத்த பெயரின் பொருள் 'வேலைத்தளத்து மேற்பார்வையாளர்' என்பதாகும். தோட்டத்து மொழியில் சொன்னால் கங்காணி! அந்த வேலைத்தளங்களில் இன்னொரு நல்ல வழக்கமும் இருக்கின்றது. படத்திற்குள் ஒரு சிறிய கரும்பலகையை வைப்பார்கள். அதில் இடம், திகதி, வேலை என்ன என்று எழுதியிருக்கும். படம் பிறகு யார் கைக்குப் போனாலும் அந்த விபரமும் கூடவே போகும்.

டிஜிட்டல் காலத்தில் பென்டக்ஸ், ஒலிம்பஸ், பியூஜி, நிக்கொன் என்று பலரும் இவ்வகைக் கமராக்களைச் செய்தார்கள். ஒலிம்பஸின் 2006ஆம் ஆண்டுக் கமரா ஒன்று 3 மீற்றர் ஆழம் வரை நீரையும், ஒன்றரை மீற்றர் உயரத்திலிருந்து விழுவதையும் தாங்கக்கூடியதாக இருந்தது. 2023இல் வந்த டிஜி-7 என்ற கமரா 15 மீற்றர் ஆழத்தையும் 2.1 மீற்றர் விழுகையையும் தாங்கும் என்கின்றார்கள்.

இவற்றின் அமைப்பு எளிமையானது. சாதாரண கமராவை இயக்கியதும் அதன் வில்லை வெளியே நீண்டு வரும். அந்த இடைவெளியால்தான் நீரும் தூசியும் உள்ளே போகின்றன. இவ்வகைக் கமராக்கள் பலவற்றில் வில்லை வெளியே வருவதே இல்லை. முன்புறம் ஒரு தடித்த கண்ணாடி. உள்ளே வரும் ஒளியைப் பட்டகம் ஒன்று செங்குத்தாகத் திருப்பிவிட, வில்லைகள் உடலுக்குள்ளேயே மேலும் கீழுமாக நகரும். பற்றரியும் நினைவட்டையும் போடும் கதவின் விளிம்பில் மெல்லிய றப்பர் வளையம் இருக்கும். நீருக்கும் கமராவுக்கும் இடையிலான காவல் முழுவதும் பெரும்பாலும் அந்த வளையத்தில்தான் தங்கியுள்ளது.

கொழுந்து மடுவத்தில்

எனது வேலை காரணமாகச் சென்றுவரும் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் மாதர் குழு ஒன்று இருக்கின்றது. வெளிநாட்டில் வீட்டுப் பணியாளராக இருந்து திரும்பிய ஓர் அக்கா, வேலை செய்த வீட்டார் கொடுத்த பழைய நீர்புகாக் கமரா ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு எடுத்ததோடு அது அலுமாரியில் கிடந்தது. "மிஸ், தண்ணி பட்டா கெட்டுப் போயிராதா?" என்று கேட்ட பெண்களுக்கு, அந்த அக்காவே பீலிக்கரையில் கமராவைப் பிடித்துக் காட்டினார். எல்லோரும் ஐயோ என்று கத்தினார்கள். கமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மழை நாட்களில் கொழுந்து நிறுக்கும்போது ஈரத்திற்கென்று சில கிலோவைக் கழிப்பது பல தோட்டங்களிலும் நடப்பதுதான். சாக்கின் பாரம், முற்றிய இலை என்றும் கழிப்பார்கள். இலையில் நீர் இருப்பது உண்மை. கழிப்பதில் நியாயமும் இருக்கலாம். எவ்வளவு, எந்தக் கணக்கில் என்பதே கேள்வி. நான்கு கிலோ குறைந்தால் அன்றைய முழுப்பேர் கிடைக்காமல் போகக்கூடும். மாலையில் துண்டைப் பார்த்துவிட்டுக் கேட்டால், "நீ பறித்தது அவ்வளவுதான்" என்ற பதிலோடு முடிந்துவிடும்.

அந்தக் குழு செய்தது இதுதான். நிறுவைத் தராசின் முகப்பை, கூடை தொங்கும்போதே, ஒவ்வொருவரும் தத்தமது முறைக்கு ஒரு படம் எடுத்தார்கள். மாலையில் துண்டை எடுத்தார்கள். ஒரு மாதத்தின் பின்னர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது கழிவு நாளுக்கு நாள் வேறுபட்டிருந்தது தெரிந்தது. சாரல் நாளிலும் அடைமழை நாளிலும் ஒரே கழிவு. சில நாட்களில் வெயிலிலும் கழிவு. தோட்டக் கமிட்டித் தலைவரையும் அழைத்துக்கொண்டு துரையிடம் போனார்கள். கழிவு நிறுத்தப்படவில்லை. ஆனால் அன்றிலிருந்து எத்தனை கிலோ கழிக்கப்படுகின்றது என்பதைக் கணக்கப்பிள்ளை வாயால் சொல்லித் துண்டிலும் எழுத வேண்டியதாயிற்று. கிடைத்தது சிறிதுதான். நான் அதைப் பெரிதாக்கிச் சொல்ல விரும்பவில்லை. ஆயினும் முன்பு வாய்ச்சண்டையாக இருந்தது இப்போது கணக்காக மாறியிருக்கின்றது.

கையிலிருக்கும் தொலைபேசியால் இதைச் செய்ய முடியாதா? முடியும், பலர் செய்கின்றார்கள். இன்று பல தொலைபேசிகளும் நீர் தாங்குபவை. ஆனால் ஈர விரலுக்கும் தேயிலைச் சாறு படிந்த விரலுக்கும் தொடுதிரை ஒழுங்காகக் கேட்பதில்லை. மழைத்துளி திரையில் விழுந்தாலே அது தானாக எதையோ திறக்கும். இந்தக் கமராக்களில் அமுக்கும் பொத்தான் உண்டு. இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. கொழும்பிலோ குவைத்திலோ இருக்கும் மகளோடு பேசும் ஒரே வழி அந்தத் தொலைபேசி. அதை மழைக்குள் எடுத்துச்செல்ல எந்தத் தாய்க்குத் துணிவு வரும்? நீர் தாங்கும் என்று விளம்பரம் செய்யும் தொலைபேசிக் கம்பனிகள், நீரால் பழுதானால் பெரும்பாலும் உத்தரவாதம் தருவதில்லை என்பதையும் நினைவில் வைப்போம்.

சுவரில் ஒரு வெடிப்பு

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் பதுளை மாவட்டம் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயன்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று பல வருடங்களுக்கு முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மலையகத்தின் பல இடங்களில் மீண்டும் மலை சரிந்தது. மண்சரிவு பெரும்பாலும் சொல்லாமல் வருவதில்லை. நிலத்திலும் சுவரிலும் வெடிப்பு தோன்றும். இருந்த வெடிப்பு அகலும். மரங்களும் மின்கம்பங்களும் சாயும். இல்லாத இடத்தில் ஊற்று கிளம்பும். தெளிந்த ஊற்று கலங்கும், அல்லது திடீரென நிற்கும். கதவு நிலையோடு இறுகும். இவற்றை முதலில் காண்பவர்கள் வீட்டிலும் பீலிக்கரையிலும் இருக்கும் பெண்களே. ஆனால் அவர்கள் சொன்னால், "அது பழைய வெடிப்பு" என்பார்கள்.

பழையதா, புதியதா என்பதைப் படம் சொல்லும். ஆனால் ஒரு படம் போதாது. வெடிப்பின் இரண்டு பக்கத்திலும் பெயின்ற்றால் ஒவ்வொரு புள்ளி இடுங்கள். பிள்ளையின் அடிமட்டத்தை வெடிப்புக்குக் குறுக்கே பிடியுங்கள். யப்பான்காரர் செய்வதுபோல ஒரு சிலேற்றில் தோட்டம், பிரிவு, லயன் இலக்கம், திகதி எழுதிப் பக்கத்தில் வையுங்கள். அதே இடத்தில் நின்று வாரம் ஒருமுறையும், அடைமழைக் காலத்தில் ஒவ்வொரு நாளும் எடுங்கள். கிட்டவாக ஒன்று, வீடு முழுவதும் தெரிய ஒன்று. இக்கமராக்களில் ஒரு சென்ரிமீற்றர் அண்மையிலிருந்தும் தெளிவாக எடுக்கக்கூடியவை உள்ளதால் மயிரளவு வெடிப்பும் படத்தில் விழும். அதைக் கிராம உத்தியோகத்தருக்கும் பிரதேச செயலகத்திற்கும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்திற்கும் கொடுங்கள். வெடிப்பு வேகமாக அகல்கின்றது என்றால் படம் எடுத்துக்கொண்டு நிற்க வேண்டாம். பிள்ளைகளோடு வெளியேறிவிட்டு, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அழையுங்கள்.

கமராவில் திகதியும் நேரமும் சரியாக இருக்கின்றனவா என்று முதலிலேயே பாருங்கள். பற்றரியைக் கழற்றி நீண்டநாள் வைத்திருந்தால் அது பிழைத்துவிடும். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் படம் சுருங்குவதோடு உள்ளே பதிந்திருக்கும் திகதி விபரமும் அழிந்துவிடும். கோப்பாக அனுப்பினால் இருக்கும். மூலப் படத்தை நினைவட்டையிலேயே விட்டுவைப்பது நல்லது.

இவ்வாறு சாதாரண பெண்களே படம் எடுத்துத் தமது நிலையை எடுத்துரைப்பது புதிய யோசனையல்ல. 1990களின் தொடக்கத்தில் சீனாவின் யுனான் மாகாணத்தில் 62 கிராமத்துப் பெண்களிடம் எளிய கமராக்களைக் கொடுத்தார்கள். கரோலின் வாங், மேரி ஆன் பரிஸ் என்ற இருவர் முன்னின்ற அந்த முயற்சியிலிருந்துதான் 'போட்டோவொய்ஸ்' என்ற முறை உருவாகியது. வயலில் வேலை செய்யும் தாயின் அருகே தனியாகக் கிடக்கும் குழந்தைகளை அப்பெண்கள் படம் எடுத்தார்கள். அதிகாரிகளின் அறிக்கைகளில் அது ஒரு பிரச்சினையாகவே இருக்கவில்லை. படங்களை வைத்துக் கூடிப் பேசியபோது குழந்தைப் பராமரிப்பு முதன்மைக் கோரிக்கையாக வந்தது. சமூகவியல் படித்த காலத்தில் இதை ஓர் ஆய்வுமுறையாகவே நான் படித்தேன். கொழுந்து மடுவத்தைப் பார்த்த பின்னர்தான் அதன் பொருள் பிடிபட்டது.

அடுப்புப் பரணில் வைக்காதீர்கள்

நீர் புகாது என்பதை அப்படியே நம்பிவிடவும் கூடாது. கதவின் றப்பர் வளையத்தில் ஒரு தலைமயிர், ஒரு நூல், கொஞ்சம் தேயிலைத் தூள் ஒட்டினாலே நீர் உள்ளே போகும். கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் சுத்தமான, நூல் பிரியாத துணியால் துடைக்க வேண்டும். ஈரக் கையோடும் மூடுபனிக்குள்ளும் திறக்கக்கூடாது. வளையத்தை ஆண்டுக்கொருமுறை மாற்றும்படி தயாரிப்பாளர்கள் சொல்கின்றார்கள். இங்கு அது இலகுவல்ல. ஆகவே பழைய கமராவை மழைக்கு மட்டும் பாவிப்போம். ஆற்றுக்குள் அமிழ்த்த வேண்டாம்.

சேறு பட்டால் ஒரு வாளி நல்ல நீரில் மெதுவாக அலசுங்கள். சவர்க்காரம் வேண்டாம், வேகமாகப் பாயும் பைப்பில் பிடிக்கவும் வேண்டாம். எமது வீடுகளில் நனைந்தது எதுவானாலும் அடுப்புக்கு மேல் பரணுக்குப் போகும். கமராவை அங்கு வைத்தால் சூட்டில் றப்பர் சுருங்கிவிடும். அடுப்படிச் சூட்டிலிருந்து அப்படியே குளிருக்குள் கொண்டுபோனாலும் உள்ளே இருக்கும் ஈரக்காற்று கண்ணாடியில் படிந்து படம் புகையாக வரும். வாசலில் சற்று நேரம் வைத்துவிட்டு வெளியே எடுங்கள். நுவரெலியாவில் தை மாதத்துப் பனியில் பற்றரி விரைவில் இறங்கும். சட்டைக்குள் வைத்துக்கொண்டால் தாங்கும். மலையக ஈரத்தில் வில்லைக்குள் பூஞ்சணமும் பிடிக்கும். மூடியுள்ள டப்பாவில், மருந்துப் போத்தல்களிலும் சப்பாத்துப் பெட்டிகளிலும் வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலங்களைச் சேர்த்து வையுங்கள்.

மழையிலும் மூடுபனியிலும் பிளாஷைப் பாவிக்க வேண்டாம். அது துளிகளில் பட்டுப் படமெல்லாம் வெள்ளைப் பொட்டாகும்.

விலை பற்றியும் சொல்ல வேண்டும். டிஜி-7 வெளிவந்தபோது அமெரிக்காவில் சுமார் 550 டொலர். கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அது பல மாதச் சம்பளம். நிக்கொனும் பியூஜியும் இவ்வகையைக் கைவிட்டுவிட்டன. கடன்பட்டு வாங்கும் பொருள் இதுவல்ல என்பது எனது திடமான கருத்து. நுண்கடன்காரர்களிடம் மாட்டுப்பட்ட பெண்களை நாள்தோறும் பார்க்கின்றேன். சங்கத்துக்கு ஒன்று, பலருக்குப் பொதுவாக, பாவித்தது என்றாலும் போதும். நன்கொடை தர வருபவர்கள் என்ன தேவை என்று கேட்டால் தையல் மெஷினோடு இதையும் சொல்லிப் பார்க்கலாம்.

பயம் பற்றி

யுத்த காலத்தில் கமரா வைத்திருப்பதே சந்தேகத்துக்குரியதாக இருந்தது. சோதனைச் சாவடியில் அதைக் கண்டால் நூறு கேள்விகள். மலையக இளைஞர்களும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பிடித்துச் செல்லப்பட்ட காலம் அது. அந்தப் பயம் இன்னும் போகவில்லை. கமராவைக் கண்டதும் தலையைக் குனியும் பெண்களை வன்னியிலும் பார்க்கின்றேன், தோட்டத்திலும் பார்க்கின்றேன். ஆகவே யாரையும் கேட்காமல் எடுக்கக்கூடாது. பீலிக்கரையில் குளிப்பவர்கள், பக்கத்துக் காம்பராவின் சண்டை, பிள்ளைகளின் முகம் ஆகியவற்றுக்கு இது இன்னும் பொருந்தும். தராசைத் தனியொருவராக எடுத்தால் அவர் மட்டுமே பழிவாங்கப்படுவார். குழுவாகத் தீர்மானித்து, எல்லோரும் முறைவைத்து எடுப்பதே பாதுகாப்பு.

நந்திக்கடலைக் கடந்த படங்கள்

1977, 1983 வன்செயல்களின் பின்னர் மலையகத்திலிருந்து சென்று கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் குடியேறியவர்கள் ஏராளம். அவர்களது பிள்ளைகள் இறுதி யுத்தத்துக்குள் அகப்பட்டார்கள். 2009இல் நந்திக்கடல் நீருக்குள் இறங்கி வந்த குடும்பங்கள் பிள்ளையைத் தோளிலும் பையைத் தலையிலும் வைத்து வந்தன. பையில் அல்பம் இருந்தது. பல அல்பங்கள் நனைந்தன, பல விடப்பட்டன. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடங்கிய போராட்டத்தில் தாய்மார் கையில் பிடித்திருந்த படங்களை நினைத்துப் பாருங்கள். பலரிடம் மிஞ்சியிருப்பது அந்த ஒரு படம். வெயிலிலும் மழையிலும் அது வெளிறிக்கொண்டே போகின்றது.

அண்மையிலிருந்து எடுக்கும் வசதியுள்ள கமரா இதற்கும் உதவும். கண்ணாடியிலோ பிளாஸ்ரிக் உறையிலோ ஒட்டிப்போன படத்தை உரிக்க முயல வேண்டாம். உரித்தால் முகம் உறையோடு போய்விடும். ஒட்டியபடியே எடுங்கள். பிளாஷை நிறுத்தி, யன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி படத்தை மேசையில் வைத்து, கமராவை நேர் மேலே பிடியுங்கள். உறையில் பளபளப்புத் தெரிந்தால் மேசையைச் சற்றுத் திருப்புங்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உத்தரவுப் பத்திரம் ஆகியவற்றையும் அவ்வாறே எடுத்து, ஒரு பிரதியை வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள். கழற்றக்கூடிய படமாக இருந்தால் பின்புறத்தையும் எடுக்க மறக்க வேண்டாம். ஸ்ரூடியோவின் முத்திரையும், யாரோ பென்சிலால் எழுதிவைத்த பெயரும் திகதியும் அங்குதான் இருக்கும்.